கூழுக்குள் போன மேல்வரிசை

தண்ணீரில் விழுந்த பொருள் அடிக்குப் போய்ச் சேரும். விளக்கெண்ணெயில் விழுந்ததும் கொஞ்சம் நிதானமாக அங்கேதான் போய்ச் சேரும். கூழில் விழுந்தது எங்கே போகும் என்று தனக்குத் தெரியும் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. சேக்காட்டு அம்மன் கோயிலில் ஓர் ஆடி ஞாயிற்றுக்கிழமை என் மாமனாரின் பல் செட்டு கூழ் அண்டாவுக்குள் விழுந்தது. அன்று காலை முழுவதும் அது கூழுக்குள் என்னென்ன செய்தது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அன்றிலிருந்து கூழின் மேல் எனக்கு மரியாதையும் உண்டு, சந்தேகமும் உண்டு.

யுத்த காலம் அது. ஆவடியில் மிலிட்டரிக்காரர்கள் கொட்டகை மேல் கொட்டகையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு அங்கே சாமான் அறையில் குமாஸ்தா வேலை. பர்மா அரிசி வருவது நின்றுபோய், நல்ல அரிசி என்பது பேச்சில் மட்டும் இருந்தது. நான் பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த வீட்டில் எனக்கு முதலில் ஒத்துப்போன ஆள் மாமனார்தான். அவருக்கும் சட்டென்று கோபம் வரும், எனக்கும் வரும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கத்திவிட்டு உடனே மறந்துவிடுவோம். மற்றவர்கள் கத்தாமல் மனசில் வைத்துக்கொள்கிற ரகம்.

மாமனாருக்கு ஊரில் ஒரு பெருமை இருந்தது. ஆடிக் கூழ் வார்க்கிற அன்று அம்மனை வர்ணித்துப் பாடுவது அவர்தான். தலைமுடியில் ஆரம்பித்துப் பாதம் வரைக்கும் புகழ்ந்து பாடி, வா தாயே என்று கூப்பிட வேண்டும். பாடுகிறவர் எவரோ அவர் கையால்தான் முதல் கூழ் அம்மன் பானையில் விழும். அதற்குப் பிறகுதான் ஊருக்கு. அவருடைய அப்பா பாடினார், அதனால் இவர் பாடினார். சித்தப்பா மகனான பங்காளி ஒருத்தர் அந்தப் பாட்டுக்காகப் பல வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தார். அவரை நான் சின்ன மாமா என்பேன். பாடுகிறவர் எந்த வருஷம் பாட முடியாமல் நிற்கிறாரோ அந்த வருஷம் பாட்டு அடுத்த பங்காளிக்குப் போகும் என்பது குடும்பத்துக்குள் பேச்சு. சின்ன மாமாவுக்குக் குரல் சுமார்தான். ஆனால் வாயில் அத்தனை பல்லும் இருந்தது.

என் மாமனாருக்கு மேல்வரிசையில் ஒன்றுகூட இல்லை. நான் வருவதற்கு முன்பே ஒவ்வொன்றாகக் கழன்று போயிருக்கிறது. பல் இல்லாமல் அவர் பாடினால் பாட்டு வராது, காற்றுதான் வரும். ஆகவே வேலப்பன்சாவடியில் உறவுக்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பட்டணம் போய், ஒரு சீனாக்காரப் பல் வைத்தியரிடம் மேல்வரிசை செட்டு ஒன்று செய்துகொண்டு வந்துவிட்டார். ஊர் கேட்டபோது, ஒரு மூலிகைப் பொடி தேய்த்தேன், ஈறு இறுகிப் பல் பழையபடி ஆகிவிட்டது என்றார். ஊர் அந்தப் பொடியைக் கேட்டது. அவர் என்ன செய்வார்? அடுப்புக்கரியையும் உப்பையும் கருவேலம்பட்டையையும் இடித்துக் கொடுத்தார். சின்ன மாமாகூட அதை வாங்கித் தேய்த்துக்கொண்டு, பல் முன்னைவிட இறுகியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

செட்டு கொஞ்சம் தளர்ச்சி. இன்னொரு தடவை வந்தால் சரிசெய்து தருகிறேன் என்று சீனாக்காரர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். இவர் போகவில்லை. ரயிலில் யாராவது பார்த்துவிடுவார்களாம். உண்மை தெரிந்தவர்கள் வீட்டுக்குள் நாங்கள் மூன்று பேர்தான், நான், என் வீட்டுக்காரர், மாமியாரான அத்தை.

கூழ் காய்ச்சுவதில் எங்கள் ஊருக்கென்று ஒரு கண்டிப்பு உண்டு. கோயில் முன்னால் பெரிய அடுப்பு வெட்டி அண்டாவை ஏற்றி, நொய்யை வேகவிட்டு, முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்த கேழ்வரகு மாவை ஊற்றுவார்கள். மாவு விழுந்ததும் இரண்டு பேர் ஆளுயரத் துடுப்புகளால் கிண்ட ஆரம்பிப்பார்கள். வலப்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். திருப்பிச் சுற்றினால் அம்மன் திரும்பிக்கொள்வாள். அம்மன் பானையில் முதல் கூழ் விழுகிறவரை கிண்டுவதை நிறுத்தவும் கூடாது. பெண்கள் மாவு ஊற்றலாம், துடுப்பைத் தொடக் கூடாது. இந்தக் கண்டிப்புகளை யார் போட்டார்கள் என்று கேட்டால் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

அன்று காலையில் மாமனார் அண்டாவின் விளிம்பில் நின்று துடுப்புக்காரர்களை அதட்டிக்கொண்டிருந்தார். அதட்டாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. நான் பக்கத்தில் மாவுக் குடத்தோடு நின்றேன். புகை அவர் மூக்கில் ஏறியது. அதட்டலும் தும்மலும் ஒரே நேரத்தில் வந்தன. மேல்வரிசை வாயை விட்டுப் பறந்து அண்டாவின் நடுவில் போய் உட்கார்ந்தது.

உட்கார்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். முழுகவில்லை. கூழின் மேல் மல்லாந்து, ஈறும் பல்லுமாக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. துடுப்புக்காரர்கள் இரண்டு பேருக்கும் கண்ணில் புகை. நான் அகப்பையை எடுத்துக் கையை நீட்டினேன். அதற்குள் துடுப்பு அந்தப் பக்கம் வந்தது. கூழ் அசைந்ததும் பல் மெதுவாகத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டது.

மாமனார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் கண்ணில் அப்படி ஒரு பயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. நடந்ததைச் சொன்னால் கூழ் முழுக்க எச்சில். அம்மனுக்கு ஆகாது, அண்டாவைக் கவிழ்த்துவிட வேண்டும். வெள்ளானூரிலிருந்துகூட ஜனங்கள் பாத்திரத்தோடு வந்து நின்றிருந்தார்கள். அந்த வருஷம் அவர்களில் பலருக்கு வயிறு நிறையச் சாப்பாடு என்றால் அந்தக் கூழ்தான். சொல்லாமல் விட்டால் மாமனாரால் பாட முடியாது, பாட்டு கைமாறிவிடும். பாட்டு உச்சிப் பொழுதில். அதற்குள் யாருக்கும் தெரியாமல் பல்லை வெளியே எடுத்தாக வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

முதல் காரியமாக, மாமா இன்று மௌன விரதம் என்று அறிவித்துவிட்டேன். அவர் வாழ்க்கையில் தூக்கத்தில்கூட மௌனமாக இருந்தவர் இல்லை. சின்ன மாமா புருவத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னா அண்ணாத்தே, இப்பத்தானே கத்திகினு இருந்தே?"

இப்போதுதான் ஆரம்பித்தார் என்று நான் பதில் சொன்னேன். மாமனார் துண்டுக்குள்ளிருந்து தலையை ஆட்டினார். சின்ன மாமா சிரித்துக்கொண்டே போனார், ஆனால் ரொம்ப தூரம் போகவில்லை.

என் வீட்டுக்காரரைத் தனியாக அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் பட்டணத்தில் இன்டர்மீடியட் படித்தவர். அப்பாவின் மானம் போகப்போகிறதே என்று பதறுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. காலேஜில் உயரமான கண்ணாடி ஜாடியில் விளக்கெண்ணெய் ஊற்றி, அதில் சின்ன இரும்புக் குண்டுகளைப் போட்டு, எவ்வளவு நேரத்தில் அடிக்குப் போகிறது என்று பார்ப்பார்களாம். அவர் அங்கே சந்தோஷமாகப் படித்த ஒரே பாடம் அதுதானாம். கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். பிறகு கண்ணைத் திறந்து, பல் இந்நேரம் அடிக்குப் போயிருக்கும், கூழ் முழுக்க ஊற்றித் தீர்ந்த பிறகு தானாகக் கிடைக்கும் என்றார். அப்போது கிடைத்து யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். அதை அவர் யோசிக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. விழுந்த உடனே அது முழுகவில்லையே, துடுப்பு வந்த பிறகுதானே போனது என்றேன். இரும்புக் குண்டு விளக்கெண்ணெயின் மேல் உட்கார்ந்து யாரையாவது பார்த்துச் சிரித்திருக்கிறதா? அவர் உடனே வீட்டை நோக்கி ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

வீட்டில் அத்தை படையலுக்காக ஒரு தவலையில் கூழ் காய்ச்சி வைத்திருந்தார். இவர் அத்தையின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து அந்தக் கூழின் மேல் வைத்தார். அது அப்படியே நின்றது. கரண்டியால் மெதுவாகச் சுற்றினார். கூழ் நகர்ந்ததும் பாக்கு இறங்க ஆரம்பித்தது. இன்னொரு பாக்கைப் போட்டு வேகமாகச் சுற்றினார். அது கூழோடு சேர்ந்து ஓடியதே தவிர, கீழே போக மனசில்லாமல் இழுத்தடித்தது. கரண்டியை நிறுத்தினார். கூழ் தான் வந்த வழியே கொஞ்சம் பின்னால் போய் நின்றது. பாக்கும் அதோடு பின்னால் போய் நின்றது. பிசைந்த மாவை இழுத்து விட்டால் சுருங்குமே, அந்த மாதிரி. இவர் சின்னக் குழந்தை மாதிரி கையைத் தட்டினார்.

"தா பாருமே. சும்மா உட்டா தாங்குது. மெதுவா கிண்டுனா எறங்குது. வேகமா இஸ்துகினு போனா எறங்க மாட்டேங்குது. எண்ணெயி இப்டி பண்ணவே பண்ணாது."

அப்பாவின் பல் அவருக்கு மறந்தே போய்விட்டது. பெட்டியில் இருந்த பாக்கையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார். அப்போது அத்தை உள்ளே வந்தார். நான் அழாத குறையாக விஷயத்தைச் சொன்னேன். அத்தை பல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. படையல் கூழில் பாக்கைப் போட்டது யார், இனிமேல் நான் எதைப் போட்டு மெல்லுவேன் என்றுதான் கேட்டார். அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டதை நினைத்து அன்றுதான் முதன்முதலாக எனக்குச் சிரிப்பு வந்தது.

கடைசியில் இவர் ஒரு யோசனை சொன்னார். கிண்டுவதை நிறுத்த வழியில்லை. மெதுவாகக் கிண்டினால் பல் அடிக்குப் போய்விடும். ஆகவே கூழை இன்னும் கெட்டியாக்கு, துடுப்பை வேகமாகப் போடச் சொல், பல் இடையில் எங்கேயாவது தங்கி நிற்கும், மேலே வருகிறபோது எடுத்துக்கொள்ளலாம் என்றார். பாக்குக்குப் பொருந்தியது பல்லுக்கும் பொருந்துமா என்று கேட்டேன். பொருந்த வேண்டும் என்றார். கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. வீட்டில் மீதியிருந்த கரைத்த மாவைக் குடத்தோடு தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

நேர்த்திக்கடன் என்று சொல்லி அண்டாவில் ஊற்றினேன். வேகமாகக் கிண்டினால்தான் நேர்த்திக்கடன் செல்லும் என்றும் சேர்த்துச் சொன்னேன். துடுப்புக்காரர்கள் முறைத்துக்கொண்டே வேகம் கூட்டினார்கள். நான் அகப்பையைப் பிடித்துக்கொண்டு கூழையே பார்த்தபடி அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மருமகள் பெண் குடம் குடமாக மாவு ஊற்றி அண்டாவை வலம் வருகிறாள், ஏதோ விசேஷமான வேண்டுதல்போல என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி வீட்டுக்கு ஓடினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி ஓடினாள். கொஞ்ச நேரத்தில் ஊரில் எந்த வீட்டில் எவ்வளவு மாவு கரைத்து வைத்திருந்ததோ அவ்வளவும் அண்டாவுக்கு வந்து சேர்ந்தது. யுத்த காலப் பஞ்சத்தில், தனக்கென்று பானையின் மூலையில் பதுக்கி வைத்திருந்ததைக்கூடக் கொண்டுவந்து கொட்டினார்கள். எதற்கு என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் என் பின்னால் அகப்பையோடு அண்டாவை வலம் வந்தார்கள். பம்பைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, நாம் சும்மா இருந்தால் தப்பாகிவிடுமோ என்று அடிக்கத் தொடங்கிவிட்டார்.

கூழுக்கு அதற்குமேல் பொறுமை இல்லை. தண்ணீரைச் சுழற்றினால் நடுவில் பள்ளம் விழுந்து ஓரத்தில் ஏறும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்தக் கூழ் ஓரத்தை விட்டுவிட்டுத் துடுப்பைக் கட்டிக்கொண்டு மேலே ஏறியது. துடுப்புக்காரர்கள் ஏறுகிற கூழைப் பார்த்தபடி பின்னால் சாய்ந்தார்கள். கை ஓய்ந்து ஒரு நிமிஷம் பிடியைத் தளர்த்தினால், கூழ் துடுப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

"அண்ணி, போதும் அண்ணி. நாங்க கூழ கிண்டல. கூழுதான் எங்கள கிண்டுது."

அப்போது ஒரு தடவை அதைப் பார்த்தேன். துடுப்பை ஒட்டி, கூழ் ஏறுகிற இடத்தில் ஒரு வெள்ளை வரிசை தெரிந்து மறைந்தது. என் வீட்டுக்காரர் எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டு, பார்த்தேன் என்பதுபோல் கையைத் தூக்கி ஆட்டினார். நான் பாய்ந்தேன். துடுப்புக்குப் பக்கத்தில் பெண்பிள்ளை வரக் கூடாது என்று நாலு பேர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். அது மறுபடி எங்கேயோ போய்விட்டது.

உச்சிப் பொழுது வந்துவிட்டது. அம்மன் பானையை வேப்பிலை கட்டிக் கொண்டுவந்து அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஊர் அமைதியாகிவிட்டது. மாமனார் முன்னால் வந்தார். வாயிலிருந்து துண்டை எடுக்காமல் என்னைப் பார்த்தார். கிடைக்கவில்லை என்று நான் தலையை ஆட்டினேன். அவர் துண்டை எடுத்துவிட்டு, அம்மனைப் பார்த்துக் கையைக் கூப்பி, உதட்டை அதிகம் திறக்காமல் பாட ஆரம்பித்தார். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை முயற்சி பண்ணினார். அதிலும் காற்றுதான் வந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்தது. சின்ன மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்து, தாயே என்று எடுத்தார். பாட்டு கைமாறிவிட்டது.

சின்ன மாமா பாடி முடித்ததும் முதல் கூழை ஊற்றுவதற்காகச் சொம்பை எடுத்து அண்டாவில் முக்கினார். சொம்பு உள்ளே போகவில்லை. அழுத்தினார், கூழ் சொம்பைத் திருப்பித் தள்ளியது. வேறு வழி இல்லாமல் துடுப்புக்காரர்களில் ஒருவர் தன் துடுப்பையே அண்டாவிலிருந்து பிடுங்கி, அதில் சுற்றியிருந்த கூழ் உருண்டையை அம்மன் பானையின் மேல் பிடித்தார். உருண்டை யோசித்து யோசித்து வழுக்கிப் பானைக்குள் விழுந்தது. அதன் உச்சியில், ஈறு சிவக்க, ஒரு வரிசைப் பல் ஊரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

பட்டணத்தில் இந்த மாதிரி செட்டைப் பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் ஓரிருவர் இருந்திருப்பார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் சின்ன மாமாவின் பெண்சாதிக்குச் சாமி வந்துவிட்டது. அவர் தலைமுடி அவிழ ஆடினார்.

"சிரிச்சேன்டா. எம்புள்ளைங்க பஞ்சத்துல இருந்துகினு எனக்கு இம்மாங் கூழ் ஊத்துதேன்னு சிரிச்சேன். அவன் வாயக் கட்டுனது நான்தான். பாட்ட நீ பாடு. கூழ அவன் கையாலத்தான் ஊத்தணும்."

சாமி வந்தவர் தன் புருஷனுக்குப் பாட்டையும் என் மாமனாருக்குக் கூழையும் பிரித்துக் கொடுத்துவிட்டு மயங்கி விழுந்தார். பூசாரி கற்பூரத்தை ஏற்றிப் பல்லுக்குக் காட்டினார். ஊர் முழுக்க விழுந்து கும்பிட்டது. என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், நான் அவர் காலை மிதித்தேன். கற்பூரம் காட்டிய பிறகு எதுவும் சொல்வதற்கில்லை. மாமனார் தன் கையால் அம்மன் பானையில் கூழை அள்ளி வைத்து, தன் பல்லையே விழுந்து கும்பிட்டார்.

அன்று யாரும் கூழைக் குடிக்கவில்லை. வெட்டி வெட்டி இலையில் வைத்துக் கருவாட்டுக் குழம்போடு சாப்பிட்டார்கள். வெள்ளானூர்க்காரர்கள் வயிறு நிறைந்து, பாத்திரத்திலும் எடுத்துக்கொண்டு போனார்கள். இப்படி ஒரு கூழ் வார்த்ததே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். அதில் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் கிடையாது. பசித்தவர்கள் சாப்பிட்டார்கள்.

பல்லை மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு பித்தளைப் பேழையில் போட்டுக் கருவறையில் வைத்தார்கள். ஆடி தோறும் எடுத்து ஊருக்குக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. மாமனாருக்குப் போனது குரல். அம்மன் வாயைக் கட்டியதாக ஊர் நம்பியதால் அவர் வெளியில் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் மேல்வரிசை இல்லாதது தெரிந்துவிடும். புதிதாகச் செய்துகொண்டால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஊரையே அதட்டிக்கொண்டிருந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு தெருவில் நடந்தார். வீட்டுக்குள் எங்களிடம் காற்றாகப் பேசுவார். ஒவ்வொரு ஆடியிலும் சின்ன மாமா பாடுகிறபோது இவர் பக்கத்தில் நின்று, ஒரு வரி தப்பினால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். அவர் சொல்லாமல் விழுங்கியதையெல்லாம் வீட்டுக்கு வந்து என்னைக் கத்தித் தீர்த்துக்கொள்வார் என்று பார்த்தேன். அதையும் செய்யவில்லை. அவர் கத்தாதது எனக்குத் தாங்கவில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் அந்த நாளை அருமையான நாளாக நினைத்தார். கூழ், கஞ்சி, சுவரொட்டிப் பசை என்று எது கிடைத்தாலும் எதையாவது போட்டுக் கிண்டிப் பார்ப்பார். மெதுவாகச் சுற்றும்போது இறங்குகிறதே, வேகமாகச் சுற்றும்போது ஏன் தயங்குகிறது என்று சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கேட்பார். எனக்கு எப்படித் தெரியும்? என் தோடு ஒன்று அப்படித்தான் காணாமல் போனது.

சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம் மாமனார் படுத்த படுக்கையானார். ஆகாரம் இறங்கவில்லை. வைத்தியர் கையை விரித்துவிட்டார். செய்தி கேட்டுச் சின்ன மாமா கோயிலிலிருந்து அந்தப் பித்தளைப் பேழையைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். அம்மன் பல்லை உதட்டில் ஒற்றினால் உயிர் தங்கும் என்று பூசாரி சொன்னாராம். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

சின்ன மாமா பல்லை இரண்டு கையாலும் எடுத்து மாமனாரின் வாய்க்கருகில் கொண்டுபோனார். ஒற்றத்தான் கொண்டுபோனார். மாமனார் வாயைத் திறந்தார். பல் உள்ளே போய், தன் பழைய இடத்தில் உட்கார்ந்தது. கொஞ்சம் ஆடியது, ஆனாலும் உட்கார்ந்தது. கன்னம் நிரம்பி அவருடைய பழைய முகம் வந்துவிட்டது. சின்ன மாமா கையை எடுக்காமல் அப்படியே நின்றார். அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

சின்ன மாமா தரையில் உட்கார்ந்தார்.

"எனுக்கு அன்னிக்கே தெரியும் அண்ணாத்தே. நீ குடுத்த பொடிய நானும்தானே தேச்சிகினு இருந்தேன், அது வெறும் கரின்னு எனுக்குத் தெரியாதா? சொல்லிட்டா நீ வேற பல்லு கட்டிகினு வந்துடுவே, பாட்டு உன்னாண்ட திரும்பிப் போயிடும்னு வாயத் தொறக்கல."

மாமனார் அவரைப் பார்த்தார். பிறகு குரலைத் திரட்டி, தாயே என்று எடுத்தார். சின்னக் குரல்தான், ஆனால் வார்த்தை வார்த்தையாக விழுந்தது. தலைமுடியை வர்ணிக்கிற முதல் அடியை முழுக்கப் பாடினார். இரண்டாவது அடியில் மூச்சு நின்றது. அங்கிருந்து சின்ன மாமா எடுத்துப் பாடினார். ஒரு இடத்தில் தப்பினார். மாமனார் விரலைத் தூக்கி, அது அப்படி இல்லை என்று பாடிக் காட்டித் திருத்தினார். ஆடிக்கு ஆடி அவர் திருத்த நினைத்த இடம் அது. நான் வாய்விட்டு அழுதேன், வெட்கப்படவில்லை.

பாட்டு முடிந்ததும் மாமனார் கையை நீட்டித் தட்டை அருகில் வைக்கச் சொன்னார். பல் வாயில் இருக்கும்போதே பேசினார்.

"எட்துகினு போடா. அம்மா அங்க பல்லு இல்லாம ஒக்காந்துகினு இருப்பா."

பிறகு தானே மேல்வரிசையைக் கழற்றித் தட்டில் வைத்தார். அவர் எச்சில் அதில் மின்னியது. சின்ன மாமா தோளில் துண்டு இருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. அப்படியே பேழைக்குள் வைத்து, தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார்.